றக்வானைக்கு வந்த துருவக் கடல் நத்தைகள்

முதல் வகுப்பை முடித்துவிட்டு ஆய்வுகூடத்துக்குள் நுழையும்போது தொலைபேசி அடித்தது. றக்வானையிலிருந்து தவமணியின் தம்பி சிவம் பேசினார்.

"அக்கா போயிட்டாங்க மிஸ்."

நான் எதையும் கேட்பதற்குள் அவரே தொடர்ந்தார். "கஷ்டப்படலைங்க. காலைல எந்திரிச்சி என்கிட்ட டீ கேட்டாங்க. ஊத்திக்கிட்டு வந்து பாக்குறேன், அப்படியே சாஞ்சிருக்காங்க. மூஞ்சியில ஒரு சுளிப்பு இல்ல."

அழுகை பிறகுதான் வந்தது. அதற்கு முன் நெஞ்சிலிருந்து நீளமாக ஒரு மூச்சு இறங்கியது. இதயம் பலவீனப்பட்டுப் படுத்த நாளிலிருந்து தவமணி பயந்தது சாவுக்கு அல்ல, மூச்சுத் திணறலுக்கு. "தண்ணிக்குள்ள முங்கின மாதிரி இருக்கு ஸ்டெல்லா. கடைசில அது மட்டும் வந்திரக் கூடாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அது வரவில்லை. அவரோடு படித்தவர்கள், அவரிடம் படித்தவர்கள், அந்தத் தோட்டத்து மக்கள், உங்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

றக்வானைக்கு மேலே, பஸ் வளைந்து வளைந்து ஏறி மூச்சு வாங்கி நிற்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவர் தவமணி. அம்மா கொழுந்து பறித்தார். அப்பா, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். இலங்கையின் கடல் இல்லாத எங்கள் சப்ரகமுவை மாகாணத்திலிருந்து போன இந்தப் பெண், பூமியின் தெற்கு முனையில் பனி மிதக்கும் கடலின் அடியில் வாழும் குட்டி நத்தைகளைத் தன் படிப்பாக எடுத்துக்கொண்டார். அரிசி மணியைவிடச் சிறியவை. பலவற்றுக்கு அவர் பார்க்கும் வரை பெயரே கிடையாது.

நானும் ருவான்வெல்லை ரப்பர் தோட்டத்துக்காரி. ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே விலங்கியல் துறையில் பக்கத்துப் பக்கத்து மேசை எங்களுக்கு. வந்து சேர்ந்த புதிதில் ஒரு நாள் கேட்டேன், நம்மைச் சுற்றியுள்ள கடலில் இல்லாத நத்தையா, எதற்கு அவ்வளவு தூரம் என்று. அவர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நம்ம கடல்ல எல்லாம் கலரு கலரா இருக்கும். கண்ணு கலரு பின்னாடியே போயிரும். அங்க எல்லாமே வெள்ளை. எது வேறன்னு கண்டுபிடிக்கணும்னா நெசமாவே பாக்கணும்."

பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரே மாதிரி ஐந்தாறு வெள்ளைப் பொட்டுகள். பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் ஒன்றின் சுருள் ஒல்லியாக ஏறுவதும், மற்றொன்று உப்பிக் கிடப்பதும், இன்னொன்றில் முடியிழை போன்ற கோடுகள் ஓடுவதும் தெரிந்தன. ஓட்டின் நுனி உருண்டையாகப் பெரிதாக இருந்தது. "இதுதான் முக்கியம். முட்டைக்குள்ளயே முழு நத்தையா வளர்ந்து, ஊர்ந்துக்கிட்டே வெளிய வந்தது இது. குஞ்சுல தண்ணில மிதந்து தூரமா போகாது. பொறந்த எடத்தச் சுத்தியே கெடக்கும். அதுனாலதான் இந்தத் தீவுக்கிட்ட ஒண்ணு, அந்தத் தீவுக்கிட்ட வேற ஒண்ணு" என்றார். குளிர்ந்த கடலில் உயிர் வகைகள் கொஞ்சம்தான் என்று படித்து வளர்ந்தவள் நான். அந்த ஒரு மாலையில் அந்தக் கடல் எனக்கு நிறைந்து போனது.

அவர் ஒரு முறை அந்தக் கடலுக்குக் கப்பலிலும் போய் வந்தார். முதல் வாரம் முழுக்க வாந்தி. கடலடிச் சேற்றை அள்ளி மேலே கொண்டுவந்து கொட்டுவார்களாம். அதைச் சல்லடையில் போட்டுக் குளிர்ந்த கடல்நீரால் அலசும்போது விரல்கள் மரத்து, தன்னுடையவை போலவே இருக்காதாம். "நொந்து போயி, இது வெறும் மண்ணுன்னு தள்ளிவிடப் போனேன். ஒரு மண்ணு மட்டும் நகர்ந்துச்சு" என்று சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தாழ்ந்துவிடும். ஊருக்குத் திரும்பியபோது தோட்டமே வீட்டு வாசலில் கூடியிருக்கிறது. "ஐஸ் தண்ணில நத்தையா? வெறைச்சிப் போயிராது?" என்று பக்கத்து லயத்து மாமா கேட்டாராம். அவருடைய போஞ்சிக் கொடிகளைப் தோட்டத்துப் பெரிய நத்தைகள் மேய்ந்து முடித்திருந்த நேரம் அது. "இங்க இருக்கிறத அள்ளிக்கிட்டுப் போயி அங்க விட்டிரு புள்ள, புண்ணியமாப் போகும்" என்றும் சொல்லியிருக்கிறார்.

இனி அந்த மழைக்காலத்தைச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் அதைப் பாதியாகத்தான் கேட்டிருப்பீர்கள்.

தவமணியின் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். தவமணி விடுமுறை எடுத்துக்கொண்டு றக்வானைக்குப் போனார். வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று இரவலாக அனுப்பியிருந்த நத்தைகளையும், முறைப்படி அனுமதி வாங்கி, கூடவே கொண்டுபோனார். சின்ன மரப்பெட்டி, அதற்குள் பஞ்சு சுற்றிய கண்ணாடிக் குப்பிகள், குப்பிக்கு ஒரு நத்தை. எல்லாம் ஒரே இனம் என்றுதான் அதுவரை எழுதி வைத்திருந்தார்கள். இல்லை, நான்கு இனங்கள் கலந்து கிடக்கின்றன என்றார் தவமணி. அவற்றில் சிலவற்றுக்கு உலகத்தில் அந்தப் பெட்டியில் இருந்த ஒரே ஓடுதான் சாட்சி.

மழை விடாமல் கொட்டியது. ஒரு மத்தியானம் கிராம சேவகர் குடையும் இல்லாமல் ஓடி வந்து, மலை பிளக்கிறது, உடனே எல்லோரும் ஸ்டோருக்குப் போங்கள் என்று சிங்களத்திலும் தமிழிலும் கத்தினார். அம்மாவால் நடக்க முடியாது. ஒரு கதிரையில் உட்காரவைத்து, கம்பளியால் கட்டி, சிவம் முன்னாலும் தவமணி பின்னாலுமாகத் தூக்கினார்கள். பெட்டி அலுமாரிக்குள் இருந்தது.

"அந்தப் பெட்டிய எடுத்துக்க பாப்பா" என்று அம்மாவே சொல்லியிருக்கிறார்.

"கை இல்லம்மா" என்றிருக்கிறார் தவமணி.

வழுக்கும் படிகளில் அவர்கள் ஸ்டோருக்கு இறங்கிக் கொஞ்ச நேரத்தில் மலைச்சரிவு வந்து லயத்தின் பின்பக்கத்தை மூடியது. லயத்து ஆட்கள் ஒருவர் விடாமல் வெளியே வந்திருந்தார்கள். மாலையில் தவமணி எனக்கு அழைத்தார். "அம்மா இருக்காங்க. எல்லாரும் இருக்கோம். பெட்டி போயிருச்சு ஸ்டெல்லா." அதே வரிசையில் சொன்னார். குரலில் நடுக்கம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பாதை திறந்ததும் நான் போனேன். மழை விட்டு, மண்ணை அள்ளலாம் என்று அனுமதியும் கொடுத்திருந்தார்கள். லயத்து ஆட்களோடு கீழே கடை வைத்திருக்கும் பந்துலவும் மண்வெட்டியோடு நின்றார். சட்டிகள், பாயின் பாதி, சாமிப்படம் என்று ஒவ்வொன்றாக வந்தன. தவமணி எல்லாவற்றையும் துடைத்து அவரவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அலுமாரி குப்புறக் கிடந்தது. பந்துல அதைப் புரட்டி, கதவை நெம்பி, சேற்றில் நனைந்த புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒன்றை எடுத்து உயர்த்தினார்.

"மேக்கத நங்கி?"

இதுவா தங்கச்சி என்று சிங்களத்தில் கேட்டார். அதுதான். தவமணி தலையை மட்டும் ஆட்டினார். கையில் வாங்கினாரே தவிர, திறக்கவில்லை. பள்ளிக்கூட ஆய்வறையில் நுண்ணோக்கியைக் கேட்டு வாங்கி, மேசையைத் துடைத்து, அதன் பிறகுதான் மூடியைத் தூக்கினார். குப்பிகள் முழுசாக இருந்தன, ஒன்றைத் தவிர. அது விரிசல் விட்டு, நத்தை கெடாமல் இருக்க ஊற்றியிருந்த எரிசாராயம் ஒழுகிக் காலியாகியிருந்தது. உள்ளே எதுவும் இல்லை. அந்தக் குப்பியைச் சுற்றியிருந்த பஞ்சை இழை இழையாகப் பிரித்து லென்சுக்குக் கீழே வைத்துத் தேடினார். நான் வாசலில் நின்று மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் மெல்ல ஒரு சத்தம் கேட்டது. "இங்க இருக்கியா நீ?"

ஓடு உடையவில்லை.

ஸ்டோரின் மூலையில் படுத்திருந்த அம்மாவிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினார். புதுக் குப்பியைக் கண்ணருகே வைத்து அம்மா வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?" என்றார். அப்போதுதான் தவமணி உடைந்தார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

"அதான் கெடைச்சிருச்சில்ல பாப்பா, இதுக்கா இப்புடி அழுவுற?"

"இதுக்கு இல்லம்மா. ஒங்களுக்கு."

கதிரையைத் தூக்கிய கணத்திலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அது. அம்மா அவர் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுற்றியிருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அன்று அந்த ஸ்டோருக்குள் இருந்த நிம்மதியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வீடு இழந்தவர்களுக்குப் பிறகு மலையை விட்டுத் தள்ளிய இடத்தில் வீடுகள் கிடைத்தன. அம்மா கைத்தடியோடு எழுந்து நடந்தார். நத்தைகள் பத்திரமாக அருங்காட்சியகத்துக்குத் திரும்பின. மரபணுச் சோதனையின் முடிவு வந்தபோது, அவை ஒரே இனம் அல்ல என்று உறுதியானது. ஆனால் நான்கும் இல்லை, மூன்று. தவமணி தனி இனம் என்று நினைத்த ஒன்று, இன்னொன்றின் வளராத குஞ்சு. நான் என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டு போனேன். அவர் துறை முழுக்கக் கேட்கும்படி சிரித்துக்கொண்டிருந்தார். "நல்லவேளை, அச்சுல ஏறல! குஞ்சுக்குப் போயி தனிப் பேரு வைக்கப் பாத்தேனே!" வென்றதைவிட, தவறு அச்சேறாமல் தப்பியதில்தான் அவருக்கு மகிழ்ச்சி. மீதி மூன்றையும் விவரித்து எழுதிய கட்டுரை, அவர் படுக்கையில் விழுமுன்னரே வெளிவந்தது. அதையும் ஓர் ஆறுதலாக வைத்துக்கொள்கிறேன்.

நானும் இப்போது சிறு நத்தைகளைப் பார்க்கிறேன், நம் கரையோரத்தவை. போன ஆண்டு ஒன்று எதிலும் அடங்காமல் என்னை வாட்டியது. எப்படியாவது ஒரு பெயரை எழுதிவிட வேண்டும் என்று முட்டி மோதிக்கொண்டிருந்தேன். தவமணி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தெரியலன்னா விட்டிருங்க ஸ்டெல்லா. பேரு இல்லாட்டி அதுக்கு ஒண்ணும் குளிராது."

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த ஒரு வாக்கியத்தை. இறுதிக் கிரியைகள் முடிந்து திரும்பிய மறுநாள் அந்த நத்தையை எடுத்து மறுபடி பார்த்தேன். கிடைத்த கரையை எழுதினேன், ஆழத்தை எழுதினேன். பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டு, குப்பியை மூடி வைத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.