ஒரு மூடி குறைகிறது

அண்ணாந்தாருக்குக் கழுத்து போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. இருபத்திரண்டு வருஷமாக மேற்கூரையைப் பார்த்தே பிழைப்பு நடத்தினால் கழுத்து வேறென்ன செய்யும்? கட்டடங்களில் ஸ்மோக் டிடெக்டர் மாட்டுவது அவர் வேலை. கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி வெள்ளையாக மேலே ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். புகை வந்தால் மோப்பம் பிடித்துக் கத்தும். சைட்டில் எவனோ வாய்த்துடுக்காக 'அண்ணாந்தார்' என்று வைத்தான், அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்காரியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். "ஒட்டடை அடிச்சு ஒரு வாரம்கூட ஆகலை" என்று மச்சினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள் ஒரு தடவை. ஒட்டடையை யார் பார்த்தார்கள்? சுவரும் கூரையும் சேருகிற மூலையில் எந்தப் புண்ணியவானோ டிடெக்டரை மாட்டியிருந்தான். அந்த மூலைக்குப் புகை எட்டிப் பார்ப்பதற்குள் வீட்டில் பாதி போய்விடும். சுவரை விட்டு ஒரு முழமாவது தள்ளி மாட்ட வேண்டும், ஃபேன் காற்று புகையை விரட்டாத இடமாக இருக்க வேண்டும். சமையலறையில் ஸ்மோக் ஆகவே ஆகாது, எண்ணெய் காய்ந்தாலே கத்தி உயிரை வாங்கும். அங்கே மாட்டுவது ஹீட் டிடெக்டர். கீழேயிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை. ஆனால் ஹீட் டிடெக்டர் புகையைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, அறையே சூடேறிக் கொதித்தால்தான் வாயைத் திறக்கும்.

ஸ்மோக் டிடெக்டர் ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் மூடியோடு வரும், சிமெண்டுத் தூசி உள்ளே போகாமலிருக்க. வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மறந்துபோனால் டிடெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கீழே படுத்திருப்பவன் விதி அவ்வளவுதான். அதனால் அண்ணாந்தார் கழற்றுகிற மூடியையெல்லாம் ஒரு சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணுவார். டிடெக்டர் எத்தனையோ அத்தனை மூடி. அப்போதுதான் சோறு இறங்கும்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் சாக்கைக் கொட்டினார். முதியோர் இல்லம் ஒன்று, மூன்று மாடி, அறுபது அறை, அறைக்கு ஒரு ஸ்மோக். சமையலறைக்கும் துணி துவைக்கும் அறைக்கும் இஸ்திரி அறைக்குமாக ஹீட் மூன்று, அதற்கு மூடியே கிடையாது. ஆக அறுபது மூடி இருக்க வேண்டும். ஐம்பத்தொன்பதுதான் இருந்தது. மறுபடி எண்ணினார். பை தைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரி மிஷினை நிறுத்திவிட்டு வந்து அவளும் எண்ணினாள்.

"ஐம்பத்தொம்பதுதாங்க. ஒண்ணு எங்கயாவது உருண்டு ஓடியிருக்கும். எழுந்து சாப்பிடுங்க."

அண்ணாந்தார் மூன்றாம் தடவையாக எண்ணினார். மூடி மட்டும் குறைந்திருந்தால் பரவாயில்லை. மாட்டி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் நீளக் கம்பால் சோதனைப் புகை அடித்து, கத்துகிறதா என்று பார்த்துத் தாளில் டிக் போட வேண்டும். முதல் இரண்டு மாடிக்கும் ஒழுங்காகத்தான் பார்த்தார். மூன்றாவது மாடிக்கு வரும்போது வெள்ளிக்கிழமை மணி நாலு. வாசலில் பெரியவர்களை ஏற்றிவந்த வண்டிகள் நிற்கின்றன, காண்ட்ராக்டர் ஃபோனில் கழுத்தை அறுக்கிறான், முழங்கால் இரண்டும் தன்னுடையதே இல்லை என்கிறது. மனுஷன் மாடிப்படியில் உட்கார்ந்தார். இருபது அறைக்கும் வரிசையாக டிக் போட்டார். கையெழுத்தும் போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்கிற காரியமா அது?

காண்ட்ராக்டருக்கு ஃபோன் போட்டார்.

"ஒரு மூடிக்காகவாண்ணே கூப்பிட்டீங்க? பேனல்ல ஏதாவது தப்பு காட்டுதா? காட்டலைல்ல? விடுங்கண்ணே!"

எல்லா டிடெக்டரின் வயரும் போய்ச் சேருகிற பெட்டிதான் பேனல், அதற்கு என்ன தெரியும்? வயர் அறுந்திருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மூடி போட்டிருப்பது அதற்கு எப்படித் தெரியும்? அன்று அவர் சாப்பிடவில்லை. படுக்கப் போகும்போது வீட்டுக்காரியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார், அதுவும் மென்று விழுங்கி.

ஞாயிறு காலையில் அவர் வேலைப்பையையும் சோதனைக் கம்பையும் எடுத்துக்கொண்டதும், அவளே ஏணியின் ஒரு முனையைத் தூக்கினாள். "தனியா ஏறி விழுந்து வைக்காதீங்க. நான் புடிச்சுக்கறேன்." ஆறு நாள் குனிந்து தைக்கிறவள் அவள், ஆறு நாள் அண்ணாந்து பார்க்கிறவர் இவர். இருக்கிற ஒரே லீவும் இப்படிப் போயிற்று.

இல்லத்து வார்டனம்மா வாசலிலேயே மறித்தாள். "இன்னிக்கா? எல்லாரும் ஓய்வா இருக்காங்க. சத்தம் கித்தம் வரக்கூடாது, சொல்லிட்டேன்." சும்மா கையால் தொட்டுப் பார்க்கத்தான் என்று சொல்லி அனுமதி வாங்கினார். ஏணி லிஃப்டுக்குள் நுழையாது. மூன்று மாடியும் படியேறி ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது.

டிடெக்டர் கம்பெனிக்காரன் செய்த மூடியும் வெள்ளை, டிடெக்டரும் வெள்ளை. கீழேயிருந்து பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். அறைக்கு அறை ஏறினார், தடவினார், இறங்கினார். எட்டு அறை ஆயிற்று. மூடி இல்லை. "சொன்னேனே, கேட்டாத்தானே!" என்றாள் வீட்டுக்காரி, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி.

ஒன்பதாவது அறையில் பழைய பஸ் டிரைவர் ஒருத்தர் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

"வா தம்பி. ஏணி ஆடுது பாரு, பிரேக் புடி."

அண்ணாந்தார் சிரித்துக்கொண்டே ஏறினார். விரலை வைத்தார். மூடி இல்லை. நடுவில் சின்னதாக, மிளகு போல ஒன்று விரலில் தட்டுப்பட்டது. மறுபடி தடவினார். சூட்டை உணர்கிற மணி அது, ஸ்மோக்கில் இருக்காது. இது ஹீட்.

கணக்கு அப்போது விளங்கியது. கடைக்காரன் ஸ்மோக் பெட்டியில் ஒரு ஹீட்டைக் கலந்து போட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை அவசரத்தில் இவர் பின்பக்கம் திருப்பிக்கூடப் பார்க்காமல் எடுத்து மாட்டியிருக்கிறார். மூடி குறையவில்லை, அதற்கு மூடியே இல்லை. ஒரு துளி சோதனைப் புகை அடித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மெத்தை புகைந்தால் இது தேமே என்று பார்த்துக்கொண்டிருக்கும். அறை கொதித்து இது கத்துவதற்குள், எழுந்து ஓட முடியாத இந்த மனுஷன் மூச்சுத் திணறி என்றைக்கோ போயிருப்பார்.

இறங்கி வந்து வீட்டுக்காரியின் காதில் சொன்னார். அவள் கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "பையில ஒரு ஸ்மோக் வெச்சிருக்கீங்கள்ல? மாத்திட்டு வாங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள். கெட்டவள் இல்லை அவள். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் அவருக்கு வேலை இல்லை, அது அவளுக்குத் தெரியும்.

ஒரு நிமிஷம் அவருக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஸ்மோக்கை எடுத்து மாற்றினார், மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். கீழேயிருந்து டிரைவர் பேச்சுக் கொடுத்தார்.

"ஆறு வருஷமா எனக்கு அரைத்தூக்கம்தான் தம்பி. கால் வெளங்காதவன், தீ புடிச்சா என்ன பண்ணுவேன்? இங்க வந்ததும் பையன் மேல காமிச்சான், 'அது முழிச்சிருக்கும்பா, நீ தூங்கு'ன்னான். வந்த அன்னிக்கும் தூங்கினேன், நேத்தும் தூங்கினேன். குறட்டை விட்டேனாம்!"

அண்ணாந்தார் ஏணியைவிட்டு இறங்கினார். வீட்டுக்காரியை ஒருமுறை பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நேராகக் கீழே போனார், வார்டனம்மாவிடம் உள்ளதைச் சொன்னார். மூணாவது மாடியைச் சோதிக்காமல் டிக் போட்டேன், ஒண்ணு தப்பா மாட்டியிருந்தது, இருபதையும் இப்பவே புகை அடிச்சுப் பாக்கணும், கத்தும்.

வார்டனம்மா நாற்காலியைவிட்டு எழுந்தாள். "எங்க அம்மாவும் மூணாவது மாடியிலதான் இருக்காங்க" என்றாள். அவர் எதிரிலேயே காண்ட்ராக்டருக்கு ஃபோன் போட்டாள். காண்ட்ராக்டர் கத்தியது ஃபோனுக்கு வெளியே கேட்டது. இனிமேல் அந்த ஆள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவேண்டாம் என்றான். வார்டனம்மா ஃபோனை வைத்துவிட்டு, கத்தப் போகிறது, பயப்படாதீர்கள் என்று சொல்ல அறை அறையாகப் போனாள்.

முதல் புகையை டிரைவர் அறையில்தான் அடித்தார். கட்டடமே அதிர்கிற மாதிரி கத்தியது. வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டாள். சத்தம் ஓய்ந்ததும் டிரைவர் கேட்டார்.

"நல்லாத்தானே கத்துது? அப்ப கழட்டின பழசுக்கு என்ன கேடு?"

என்னவாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய் சொல்ல நாக்கு கூசியது.

"அது புகைக்குக் கத்தாதுங்கய்யா. நான் தப்பா மாட்டிட்டேன். சோதிச்சும் பாக்கலை."

டிரைவர் மேலே அந்த வெள்ளை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ரெண்டு நாளும் நான் தனியாத்தான் தூங்கியிருக்கேன்" என்றார்.

அண்ணாந்தார் கம்பை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார், பின்னாலேயே வீட்டுக்காரி ஏணியை இழுத்துக்கொண்டு வந்தாள். இன்னும் பத்தொன்பது அறை பாக்கி இருந்தது.