பாலை மரத்தடியில் பதினேழு நாள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு வவுனியாவை விட்டுப் புறப்பட்டேன். வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால்தான் சங்கடம், நீங்கள் யார் என்று கேட்டிருக்க வேண்டும்.

என் வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு நான்கு சில்லு. ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரி கழித்துவிட்ட பழைய அம்புலன்ஸ் அது, ஏலத்தில் எடுத்தேன். உள்ளே கட்டில் ஏற்கெனவே பொருத்தியிருந்தது. அதில் எத்தனை பேர் கண்ணை மூடினார்கள் என்று நான் கேட்கவில்லை, ஏலக்காரரும் சொல்லவில்லை. மருந்து அலுமாரியில் புத்தகங்களை அடுக்கினேன். பின்கதவோரம் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, குசினி அவ்வளவுதான். வண்டியின் பக்கவாட்டிலிருந்த சிவப்புச் சிலுவைமேல் இரண்டு தரம் வெள்ளை பூசியும் அது மங்கலாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

கொழும்பில் ஒரு கந்தோரில் இருபத்திரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். சிங்களச் சோதனையில் சித்தியடை, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்றார்கள். வீட்டில் மனைவி இறந்து நாலு வருடம். வெறும் வீட்டுக்குப் போவதைவிட வீட்டையே கூட்டிக்கொண்டு எங்காவது போவதென்று தீர்மானித்தேன். நாற்பத்தொன்பது வயதில் ஒருவன் எடுக்கக்கூடிய முட்டாள்தனமான முடிவுகளில் இது நடுத்தரமானது.

தனிமையை விரும்பித்தான் போகிறேன் என்று நண்பர்களுக்கு எழுதியிருந்தேன். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. அதன்பின் இரண்டு மாதமாக ஊர் ஊராக அலைந்தேன். இந்தப் பயணத்துக்கு முந்தின வாரம், வவுனியாவிலிருந்து ஒன்பது மைலில் உள்ள பூவரசங்குளத்தில் மூன்று நாள் நின்றேன். சனம் வந்து என் அம்புலன்ஸ் வானைச் சுற்றிப் பார்த்தது. "என்ன விக்கிறியள்?" என்றார்கள். ஒன்றுமில்லை என்றேன். "அப்ப என்ன வாங்கிறியள்?" அதுவுமில்லை என்றதும் போய்விட்டார்கள். மிச்சப் பொழுதெல்லாம் நான் அடுப்போடு பேசினேன். அது மூக்கடைத்த குரலில் பதில் சொல்லும்.

எட்டு மணிக்கு மாங்குளம். தேத்தண்ணி பத்துச் சதம். ஒன்பதரைக்குக் கிளிநொச்சியில் பெற்றோல் அடித்துக்கொண்டு, மூன்று மைல் தாண்டிப் பரந்தனில் முல்லைத்தீவு ரோட்டில் திரும்பினேன். தர்மபுரம் வரை இரு பக்கமும் புதிதாக வெட்டிய வயல். எரித்த மரங்களின் கரிய அடிக்கட்டைகள் நடுவில் அப்படியே நின்றன.

பதினொரு மணி. விசுவமடுவுக்கு அரை மைல் இருக்கையில் ரோட்டின் நடுவே ஒருவர் இரண்டு கையையும் விரித்தபடி நின்றார். பின்னால் மாட்டுவண்டி, அதற்குள் வைக்கோல்மேல் நிறைமாதப் பெண் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவள் அவருடைய மனைவி, அவர் பெயர் கந்தையா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று ஏக்கர் எடுத்துக் கமம் செய்பவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அவர் சிலுவையைப் பார்த்துவிட்டார் என்பது மட்டும் உடனே தெரிந்தது.

"கூப்பிடாமலே ஆஸ்பத்திரி வந்திட்டுது!"

"நான் ஆஸ்பத்திரி இல்லை."

"உள்ளுக்குக் கட்டில் கிடக்குதெல்லே?"

"அது நான் படுக்கிறது."

"இப்ப இவள் படுக்கட்டும். நீங்கள் ஓட்டுங்கோ."

ஓட்டினேன். வாய்க்கால் கரையோடு இரண்டு மைல் உள்ளே போனால் மருத்துவிச்சியின் அரசாங்க வீடு. இரண்டு மணிக்குப் பெண்குழந்தை பிறந்தது. மருத்துவிச்சி கையைத் துடைத்தபடி வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் அன்னலட்சுமி, ஊரில் எல்லோருக்கும் மிஸ்ஸி. கலியாணமாகவில்லை, தாய் தகப்பன் இல்லை, ஆறு வருடமாக இந்த வீட்டில் தனியே.

"ஆஸ்பத்திரி வான் இல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும்," என்றார். "அது இவ்வளவு கெதியா வராது. சாப்பிட்டனீங்களோ?"

அந்தக் கேள்வியை இன்னொருவர் வாயால் கேட்டு எவ்வளவு காலம் என்று கணக்குப் பார்க்க முயன்று, பாதியில் விட்டுவிட்டேன்.

அவருடைய வளவில் ஒரு பெரிய பாலை மரம் நின்றது. ஆனி மாதம், பழக்காலம். கூரைமேல் பழம் பொட்டுப் பொட்டென்று விழுந்தது. ஓர் இரவு நின்றுவிட்டுப் போவதென்றுதான் அதற்குக் கீழே நிறுத்தினேன். மறுநாள் விடிய மிஸ்ஸி வந்தார். "சைக்கிளுக்குக் காத்துப் போயிட்டுது. தர்மபுரத்தில ஒரு பிள்ளைத்தாச்சியைப் பாக்கவேணும், நாலு மைல். இறக்கிவிடுவியளோ?" அதற்கு மறுநாள் சைக்கிள் சரியாகிவிட்டது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. காலையில் நான் சாரதி. பின்னேரம் அவர் என் அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வாசற்படியில் இருந்து வாசிப்பார். நான் வான் படியில் இருந்து வாசிப்பதுபோல் இருப்பேன். நடுவில் பதினைந்து அடி. "இந்தப் புத்தகத்தில எல்லாரும் மனசுக்குள்ளயே கதைக்கினம். வாயைத் திறந்தால் என்ன?" என்றார் ஒருநாள். என்னைத்தான் சொல்கிறாரோ என்று இரண்டு நாள் யோசித்தேன். நாலுதரம் கடிதமாக எழுதிப் பார்த்தேன், என்னோடு மீதிக் காலம் இருக்கச் சம்மதமா என்று. நாலும் கந்தோர்க் கடிதம்போல வந்தது.

இதற்கிடையில் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் செல்லத்துரை என்னை மறித்தார். "குறை நினையாதேங்கோ. மிஸ்ஸிக்கு நீங்கள் என்ன முறை?"

"ஒரு முறையுமில்லை. தெரிஞ்சவர்."

அவர் முகம் வாடிவிட்டது. "முறை தெரியாமல் சனம் உங்களோட எப்பிடிக் கதைக்கிறது?" என்றார். கோபத்தில் அல்ல, நெல்லை எந்தச் சாக்கில் போடுவதென்று தெரியாதவரின் கவலையோடு.

நான் அதற்குச் சிரித்துவிட்டு மறந்தேன். பத்தாம் நாள், வியாழக்கிழமை காலை, எங்கள் வாசல் படலையைத் தாண்டி ஒரு மாட்டுவண்டி போயிற்று. உள்ளே ஒரு பெண் முனகினாள். வண்டிக்காரர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. மிஸ்ஸி படலை வரை ஓடிக் கூப்பிட்டார், வண்டி நிற்கவில்லை. யாரென்று தெரியாத ஆம்பிளை நிற்கிற வளவுக்குள் மருமகளை விடமாட்டேன் என்று மாமியார் சொல்லியிருக்கிறாள். கிளிநொச்சிக்குப் போகும் வழியில், பரந்தனைத் தாண்டமுன் பிள்ளை பிறந்தது. அழவில்லை.

ஒரு மருத்துவிச்சியும் ஒரு அம்புலன்சும் ஒரே வளவில் நின்றோம். அன்று நான் எந்தப் பகிடியும் விடவில்லை. மிஸ்ஸி விளக்கு வைக்கும்வரை படலையைப் பிடித்தபடி நின்றார்.

சனிக்கிழமை கூப்பன் அரிசி கொடுக்கும் நாள். சங்கக்கடையில் முழு ஊரும் நின்றது. மிஸ்ஸி என்னையும் வரச்சொன்னார். சாமான் வாங்கி முடிந்ததும், எல்லோருக்கும் கேட்கத் தக்கதாகச் சொன்னார்: "அண்ணை, அந்தப் பையை எடுத்து வானில வையுங்கோ." பிறகு செல்லத்துரையைப் பார்த்து, "என்ரை பெரியம்மாவின்ரை மகன். சொல்ல மறந்திட்டன்" என்றார்.

கடை முழுவதும் ஒரு பெருமூச்சு போயிற்று. செல்லத்துரை கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "இருங்கோ அண்ணை! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" ஐந்து நிமிடத்தில் எனக்கு இரண்டு மருமக்கள், ஒரு மாமா, எண்ண முடியாத மச்சான்மார். கந்தையா என் முதுகில் தட்டினார். இரண்டு மாதம் தேடி அலைந்த துணை ஒரு சொல்லில் வந்து குவிந்துவிட்டது. நான் சீனிப்பையைத் தூக்கிக்கொண்டு வானுக்கு நடந்தேன். அது ஐந்து றாத்தல்தான்.

மாமாவின் மகன் என்று சொல்லியிருக்கலாம். அப்போது நான் கட்டக்கூடிய முறை. ஆனால் கட்டக்கூடிய முறையுள்ளவன் கலியாணமாகாத பெண்ணின் வளவில் நின்றால் மாட்டுவண்டிகள் இன்னும் வேகமாகத் தாண்டிப் போயிருக்கும். அவருக்கு அது தெரியும். எனக்கும் விளங்கியது. விளங்கியதால் ஒன்றும் குறையவில்லை.

வீட்டுக்கு வந்தபின், பதினைந்து அடிக்கு அப்பாலிருந்து கேட்டார்: "நீங்கள் ஏதோ என்னட்டைக் கேக்க இருந்தனீங்கள், என்ன?"

"இல்லையே."

"பொய் சொல்லாதேங்கோ, அண்ணை."

அப்போது வளவில் எங்களைத் தவிர ஒருவருமில்லை.

அண்ணன் வேலை சும்மா இருக்கிற வேலையல்ல என்று திங்கட்கிழமை தெரிந்தது. செல்லத்துரை வெற்றிலைத் தட்டோடு வந்தார். "தங்கச்சியை எத்தினை நாளைக்கு இப்பிடித் தனிய விடப்போறியள்? அண்ணன் எண்டு ஒருத்தர் இல்லாமல்தான் இவ்வளவு நாளும் பேசேல்லை. தர்மபுரத்தில என்ரை மைத்துனன் தில்லையம்பலம், வாய்க்கால் ஓவசியர், தாரமிழந்தவன். ஒருக்கால் போய்ப் பாருங்கோ."

செவ்வாய்க்கிழமை போனேன், ஏதாவது குறை கண்டுபிடிக்கும் திடமான நோக்கத்தோடு. வீடு கூட்டியிருந்தது. ஒரு பசுமாடு, கொழுத்திருந்தது. மனிதர் தானே தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். அதுவும் நன்றாக இருந்தது. "மனிசி போய் ஆறு வருசம்," என்றார் நிலத்தைப் பார்த்தபடி. "சமைக்க, துவைக்க எல்லாம் எனக்குத் தெரியும் அண்ணை. பின்னேரத்தில கதைக்க ஒரு ஆள். அதுதான்."

நாலு கடிதத்திலும் நான் எழுத முயன்று வராத வசனம் அது.

திரும்பி வரும் நாலு மைலும் யோசித்தேன். சந்தேகம் என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும், சம்பந்தம் நின்றுவிடும். அண்ணன் சொன்னால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மிஸ்ஸி படலையில் நின்றார்.

"ஆள் எப்பிடி?"

"நல்ல மனிசன்."

"குடிப்பாரோ?"

"வெத்திலைகூட இல்லை."

"கதைப்பாரோ?"

"கதைக்க ஆள் தேடுறார்."

"நீங்கள் பாத்துச் சொன்னால் எனக்குச் சரி," என்றுவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டது. அதை இழுக்கும் சத்தம் வெகுநேரமாகக் கேட்கவில்லை.

பதினேழாம் நாள், வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டேன். தங்கையின் வீட்டில் அண்ணன் எத்தனை நாளும் நிற்கலாம். இந்த அண்ணனால் முடியவில்லை. கந்தையா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வானை மறித்தார். "ஆவணி பதினாலு, மறந்திடாதேங்கோ. பொம்பிளைப் பக்கத்துக்கு நீங்கள் ஒராள்தான். நீங்கள் வராட்டில் கலியாணம் நடவாது." மிஸ்ஸி வாசலில் நின்று கையைக் காட்டினார். நானும் காட்டினேன்.

கொழும்பு வீட்டைப் பூட்டிவிட்டு வந்தபோது எப்போது வருவாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே எனக்குத் திகதி குறித்துத் தந்திருக்கிறார்கள். நான் வராவிட்டால் ஒரு காரியம் நின்றுபோகும். அப்படி ஓர் இடம் உலகத்தில் இருப்பது நல்லதுதான். அது எந்தக் காரியம் என்பதைத்தான் நான் தெரிவுசெய்யவில்லை.

முல்லைத்தீவுக்கு இருபது மைல். அங்கே நல்ல பட்டுவேட்டி கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணம் வரை போகவேண்டும். நாள் இருக்கிறது.