இடியாத பாதி

சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கலவையை விரலால் வழித்தெடுத்து, நனைத்த சாக்குத்துண்டில் பொதிந்து, குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு கமலாத்தாள் கிளம்புகிறார். இறுகுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். அதனால் ஓட்டமும் நடையும்தான். யார் கூப்பிட்டாலும் நிற்பதில்லை. "ஏனுங்க, கையில சரக்கு இருக்குதுங்க. நாளைக்குப் பேசிக்கலாமுங்க" என்று சொல்லிக்கொண்டே தாண்டிவிடுவார். கேரள எல்லையில், கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குப் போகும் சாலை இது. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அந்தச் சாக்கை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

சித்தாள் வேலை. அறுபதைத் தாண்டியும் தலையில் சும்மாடு வைத்துச் செங்கல் ஏற்றுகிறார். சிமெண்டு தின்று தின்று விரல் நுனியில் ரேகையே இல்லை. ரேஷன் கடை இயந்திரம், அவர்தான் கமலாத்தாள் என்று லேசில் ஒப்புக்கொள்வதில்லை. வெடித்த விரல்களுக்குக் களிம்பு வாங்கத்தான் என் மருந்துக்கடைக்கு வருவார். "ரேகை வளர்றதுக்கு எதாச்சும் மருந்து இருக்குதுங்களா தம்பி?" என்று ஒருமுறை கேட்டார். வேடிக்கை பேசுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார்.

வீட்டுக்குப் போனதும் முகம்கூடக் கழுவமாட்டார். அன்றைக்கு எந்த விரிசலுக்கு முறை என்பது அவருக்குத் தெரியும். தண்ணீர் தெளித்து, கலவையை உள்ளே திணித்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார். கரண்டியெல்லாம் கிடையாது. வருடக்கணக்காக இதே வேலை என்பதால் சுவரில் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு நிறம். "இது டாக்டரு ஊட்டுச் சிமெண்டுங்க. இது பள்ளிவாசலுக்குக் காம்பவுண்டு கட்டறப்போ எடுத்தது. இதா, இந்தக் கருப்பு மட்டும் கள்ளுக்கடையுதுங்க, நல்லாப் புடிச்சுக்கிச்சு" என்று தொட்டுத் தொட்டுக் காட்டுவார். ஊரில் எழும்பிய நல்ல கட்டடங்கள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் அந்தச் சுவரில் இருக்கின்றன.

வீடு இருப்பது லட்சம் வீட்டுக் காலனியில். கேரள அரசாங்கம் கட்டிக்கொடுத்த இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் போகும். கட்டி ஐம்பது வருடம் ஆகப்போகிறது. இன்னும் நிற்பதே பெரிய விஷயம்.

அந்தப் பக்கத்துக்காரர் நல்லதம்பி, தேங்காய் லாரியில் லோடு ஏற்றுபவர். தங்கமான மனிதர். ஆனால் வீட்டுக்கென்று ஓர் ஆணி அடித்தவரில்லை. ஓடு உடைந்தால் தார்ப்பாய். தார்ப்பாய் கிழிந்தால் அதன்மேல் இன்னொரு தார்ப்பாய். போன ஆடி மழையில் பின்சுவர் சரிந்து அவர் மனைவி கோமதியின் கால் முறிந்தது. பழைய காலனி வீடுகளை இடித்துக் கட்ட அரசு பணம் தருகிறது என்ற செய்தி வந்தபோது, பஞ்சாயத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். நல்லதம்பிக்குக் கிடைத்தது. கமலாத்தாளின் பாதிக்குள் வந்தவர் சுவரைத் தட்டினார், கூரையை அண்ணாந்து பார்த்தார், "வாசயோக்யம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மலையாளத்தில், குடியிருக்கத் தகுந்தது என்று பொருள்.

கமலாத்தாளுக்கு முதலில் அது பாராட்டாகத்தான் பட்டதாம். "ஊடு நல்லாருக்குதுன்னு சொன்னாருங்க. நானும் சந்தோசமா டீ வெச்சுக் குடுத்தனுங்க" என்றார்.

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே நேரத்தில் கட்டியது, ஒரே கூரை, ஒரே அஸ்திவாரம். அதில் ஒரு பாதி இடிந்த வீடாம், இன்னொரு பாதி நல்ல வீடாம். விழட்டும் என்று விட்டவருக்குப் பணம், விழாமல் பிடித்து நிறுத்தியவருக்கு ஒன்றும் இல்லை. அதற்காக நல்லதம்பியைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கோமதி இன்னும் விந்தி விந்தித்தான் நடக்கிறார். அவர்களுக்குக் கொடுத்தது சரிதான். இவருக்குக் கொடுக்காததுதான் அநியாயம்.

அநியாயம் அத்தோடு முடியவில்லை. மேஸ்திரி மணிகண்டன் வந்து பார்த்துவிட்டு, "அந்தப் பாதியில கடப்பாரை வெச்சா, இந்தப் பாதி அன்னைக்கே உக்காந்துருமுங்க" என்று சொல்லிவிட்டார். வேலை தொடங்காவிட்டால் நல்லதம்பிக்கு வந்த பணம் திரும்பிப் போய்விடும். தொடங்கினால் கமலாத்தாள் தெருவில் நிற்க வேண்டும். "எனக்கும் குடுத்தாத்தான் இடிக்க உடுவேன்னு சொல்லீருங்கக்கா" என்று காலனியில் சிலர் தூபம் போட்டார்கள். அவர் மசியவில்லை. "கோமதி தார்ப்பாயிக்குள்ள கெடக்கறா. நான் எப்படீங்க குறுக்க நிக்கறது?"

கடைசியில் பொறுத்து நின்றது நல்லதம்பிதான். லோடுக்குப் போகாமல் கமலாத்தாளை அழைத்துக்கொண்டு பஞ்சாயத்துக்கு நடையாய் நடந்து, மறுபடியும் வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்தார். அதுவரை தன் பாதியை இடிப்பதில்லை என்றும் முடிவு செய்தார். ஆனால் ஒரு நிபந்தனை. "அவிய வந்து பாக்கற வரைக்கும் செவுத்துல கை வெக்காதீங்கக்கா. பொளந்தா பொளக்கட்டும்."

அந்த நாட்களில்தான் கமலாத்தாள் மெலிந்துபோனார். மிச்சக் கலவையைத் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மெதுவாக நடந்து வருவார். நின்று பேச இப்போது நேரம் இருந்தது, பேச்சுத்தான் வரவில்லை. "உள்ள போனா செவுத்தப் பாக்கறதில்லீங்க தம்பி. பாத்தா கை பரபரங்குது" என்றார் ஒருநாள். களிம்பை மடித்துக் கொடுத்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விரிசல்கள் வாய் திறந்தன. ஒரு விடியற்காலை, தெருவைப் பார்த்த சுவரில் ஜன்னல் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. அடுப்பு மூட்ட எழுந்திருந்ததால் தப்பினார். ஓடிவந்த நல்லதம்பிக்கு அழுவதா, ஆறுதல் கொள்வதா என்று தெரியவில்லை. "தொடாதீங்கக்கா. அப்படியே கெடக்கட்டும். இனி வாசயோக்யம்னு யாரும் சொல்ல முடியாது" என்று மட்டும் சொன்னார்.

பஞ்சாயத்திலிருந்து ஓர் இளம் பொறியாளர் வந்தார். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன். நல்ல பெண். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. உடைந்த இடம் நன்றாகத் தெரியும்படி இங்கிருந்தே படம் எடுத்து உடனே அனுப்ப வேண்டும், படத்தைப் பார்த்துத்தான் மேலிடத்தில் முடிவு செய்வார்கள், வீட்டுக்காரரும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். "ஒந்நும் தொடண்ட சேச்சீ" என்று, எதையும் தொட வேண்டாம் அக்கா என்பதை மலையாளத்தில் அன்பாகவே எச்சரித்தார்.

கமலாத்தாள் துவைத்த சேலை கட்டிக்கொண்டு தெருப்பக்கம் சுவரோரமாக நின்றார். சிக்னல் கிடைக்கவில்லை. பொறியாளர் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி அங்குமிங்கும் நகர்ந்தார். இதற்குள் காலனியே தெருவில் கூடிவிட்டது. பொத்தல் வழியாகத் தலைகள் எட்டிப்பார்த்தன. மண் கொட்டிய கட்டில், கொடியில் கிடந்த உள்பாவாடை, மூலையில் கவிழ்த்த பாத்திரங்கள், எல்லாமே வெளிச்சத்துக்கு வந்திருந்தன. யாரோ ஒருத்தி "அய்யோ பாவம்" என்றாள். கமலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டார்.

"சிக்னல் வந்நு" என்றார் பொறியாளர். ஃபோன் உயர்ந்தது. "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஓட்டை தெரியோணும்" என்று நல்லதம்பி கெஞ்சினார். கமலாத்தாள் ஃபோனைப் பார்த்தார், எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்தார். முந்தானையை உதறி, இரண்டு கைகளாலும் விரித்து, சுவரின் பொத்தலை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார்.