தோள் பிடிக்கும் ரயில்

போன வாரம் ஓசூரில் மத்திகிரி வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். கடைசி வரிசையில்தான் இடம் இருந்தது. எனக்கு முன் சீட்டில் கம்பெனி யூனிபார்ம் போட்ட ஒரு பெண், ஷிப்ட் முடிந்து வருகிறவள். பஸ் நகர்ந்ததும் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் சொட்டுவிட்டாள். இடக்கையை வளைத்து வலது தோளுக்குப் பின்னால் கொண்டுபோனாள். எட்டவில்லை. எட்டின இடத்தில் தேய்த்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்துவிட்டாள். நீலகிரித் தைலத்தின் வாசனை என்மேல் வந்து மோதியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் இரண்டு கையும் தானாக எழுந்து அவள் தோளுக்குப் போய்விட்டன. தொடப்போகும் நேரத்தில் சுதாரித்துக்கொண்டு, சீட்டுக் கம்பியைப் பிடிக்கிற மாதிரி நடித்தேன். பக்கத்திலிருந்த அம்மா தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

அவர்மேல் தப்பில்லை. முன்னால் இருப்பவர் தோளைப் பிடித்துவிடுவது ஒரு காலத்தில் எங்களுக்குப் பழக்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பஸ்ஸில் இல்லை, வீட்டில். மத்திகிரியில் மாட்டுப்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான் அருப்புக்கோட்டைப் பக்கம். செல்வி கோவில்பட்டி. நாகவேணி கெலமங்கலத்துக்காரி, வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். நாலாவது சரசு, அரூரிலிருந்து வந்தவள், எங்களைவிட நாலைந்து வயது மூத்தவள். நான்கு பேருக்கும் ஒரே கம்பெனியில், ஒரே மேஜையில் வேலை. இரும்புத் தகட்டில் பசை தடவி ரப்பர் பட்டையை ஒட்டவேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, பிடித்து, தட்டு நிறைந்ததும் அதைத் தூக்கித் தலைக்குமேல் இருக்கும் ரேக்கில் வைக்கவேண்டும். நாள் முழுக்க நின்றபடிதான். சேரும் அன்று "இவ்வளவுதானா வேலை?" என்று நான் சிரித்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஒரு மாதம் ஆவதற்குள் சட்னி அரைக்க அம்மியில் குழவியைப் பிடித்தால் கட்டைவிரல் கழன்றுவிடும் போல் இருந்தது. சட்னியையே விட்டுவிட்டோம், ஊறுகாய்தான்.

ஓசூர்க் குளிர் வேறு. ஊருக்குள் எல்லோரும் 'என்ன அருமையான கிளைமேட்' என்பார்கள். வெயிலில் காய்ந்த ஊர்களிலிருந்து வந்த எனக்கும் செல்விக்கும் அது எலும்பில் இறங்கிய வலியை அப்படியே இறுக்கிவைக்கிற குளிர். செங்கல்லைச் சூடாக்கித் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்துக்கொண்டோம். உப்பு வறுத்துத் துணியில் முடிந்து வைத்துப் பார்த்தோம். தைலம் தடவியிருந்தால் பாதி வலி போயிருக்கும். ஆனால் வேலை நாளில் தைலம் கூடாது, தலைக்கு எண்ணெய்கூடக் கூடாது. விரலில் துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் ரப்பர் ஒட்டாது, உரிந்துவரும். கையுறை போட்டால் அதுவே பசையில் ஒட்டிக்கொள்ளும், அதனால் வெறுங்கைதான். தைலம் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும். எங்களுக்கு அது தீபாவளி எண்ணெய்க் குளியல் மாதிரி.

மற்ற நாளுக்குத்தான் ரயில். அதைக் கண்டுபிடித்தவள் செல்வி. நமக்கு வலிக்கிற இடம் எப்போதும் நம் கை எட்டாத இடமாகத்தானே இருக்கிறது? ஷிப்ட் முடிந்து வந்து, உலை வைத்துவிட்டு, வாசல் நடையில் ஒருவர் பின்னால் ஒருவராக உட்காருவோம். ஒவ்வொருத்தியும் தனக்கு முன்னால் இருப்பவள் தோளைப் பிடித்துவிடவேண்டும். கடைசியில் இருப்பவளுக்கு மட்டும் பின்னால் ஆள் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்துச் செல்வி கத்துவாள்:

"ஏட்டி, இஞ்சின் மாத்து!"

அப்படியே எல்லோரும் திரும்பி உட்காருவோம். கடைசிப் பெட்டி இஞ்சின் ஆகிவிடும், அவளுக்கும் முறை வந்துவிடும். நாகவேணி கன்னடத்தில் எண்ணி எண்ணி அழுத்துவாள். செல்வி பேசுகிற சுவாரசியத்தில் பிடிக்க மறந்துவிடுவாள். நான் பிடித்தால் கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரி இருக்கிறது என்று புகார். பிடிப்பது என்றால் சரசுதான். அவளுக்கு இடம் காட்டவேண்டாம். கட்டைவிரல் தோள்பட்டைக்குக் கீழே நேராகப் போய் அந்த முடிச்சில் நிற்கும், "இங்கதான?" என்பாள். ஊரை விட்டு வந்தபிறகு என்னை யாரும் அப்படித் தொட்டதில்லை.

நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் லாபம் என்பதால் நடுப்பெட்டிக்குத் தினமும் சண்டை. சரசு சண்டைக்கே வரமாட்டாள். அவள் எப்போதும் கடைசிப் பெட்டி. "நீங்க மொதல்ல புடிச்சிக்குங்க, நான் மெதுவா வரன்" என்பாள். புருஷன் வீட்டிலிருந்து வெளியே வந்தவள் அவள். அண்ணன் வீட்டில் சில மாதம் இருந்து பார்த்திருக்கிறாள். அண்ணி சோறு போடும்போது தட்டை வைக்கிற சத்தத்தைப் பற்றி ஒரே ஒருமுறை சொன்னாள். "இந்த வேல இருக்கற வரைக்கும் நான் யாரு வூட்லயும் போயி நிக்க வேண்டியதில்லடி" என்பாள். அதனால்தான் வலது தோள் விட்டுப்போக ஆரம்பித்தபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. வலி என்று சொல்கிற ஆளை காண்டிராக்டர் மறுவாரம் கூப்பிடமாட்டார், அவ்வளவுதான் அங்கே வைத்தியம்.

சானமாவுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று பஸ் நின்றுபோன ஒரு காலை ஞாபகம் வருகிறது. கெலமங்கலத்தில் நாகவேணியின் ஊர்ப் பண்டிகைக்குப் போயிருந்தோம். விடியும்போது பஸ் பிடித்து வேலைக்குத் திரும்புகிறோம். தூரத்தில் யானைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரப்பில் போயின. பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க, சரசு என் காதில், "அதுங்களும் நம்மள மாரி ரயிலு வுடுது பாரு" என்றாள். செல்வி, "அம்புட்டுப் பெரிய தோள, யாருட்டி புடிச்சு விடுவா?" என்றாள். கண்டக்டர் முறைத்தார். யானைக்குப் பயப்படாமல் சிரித்த ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருக்கும்.

மார்கழிக் குளிரில் ஒரு புதன்கிழமை அது நடந்தது. ரயிலில் உட்கார்ந்ததும் குப்பென்று வாசனை. சரசு தைலம் போட்டிருந்தாள். "தாங்க முடியலடி. கொஞ்சூண்டுதான். காலைல சோப்பு போட்டுக் கழுவிக்கலாம்" என்றாள். கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குளிரில், அந்த வாசனையில், வேண்டாம் என்று சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. "எனுக்கும் கொஞ்சம் போடு தேவுடா" என்று தோளைக் காட்டியவள் நாகவேணி. அன்றைக்கு இஞ்சினைத் திரும்பத் திரும்ப மாற்றினோம். உலையில் சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. அப்படி ஒரு சுகம்.

காலையில் சோப்புப் போட்டோம், சாம்பல் போட்டோம், எலுமிச்சைத் தோலால் தேய்த்தோம். தைலம் கேட்டால்தானே? மத்தியானத்துக்குள் எங்கள் மேஜையில் ஒட்டின ரப்பர் எல்லாம் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. சூப்பர்வைசர் வந்து, பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கிற மாதிரி, நான்கு பேரையும் கையை நீட்டச் சொன்னார். வருஷம் முழுக்க மூக்கடைப்புள்ள மனிதர் அவர். முதல் கையை மோந்ததுமே அவர் மூக்கு திறந்துகொண்டது. இனி எண்ணெய்க் கையோடு வருகிற ஆள் கேட்டுக்கு வெளியேதான் என்று ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். சரசு தரையைப் பார்த்து நின்றாள். அவர் ஒவ்வொரு கையாக மோந்துகொண்டே போனார். நான்கும் ஒரே வாசனை.

"யாருக்கும்மா தோள் வலி? நாலு பேருக்குமா?"

"ஆமா சார், நாலு பேருக்கும்தான்" என்றாள் செல்வி.

அது பொய்யும் இல்லை. நான்கு பேரை ஒன்றாக வெளியே அனுப்பினால் அந்த வாரம் லோடு போகாது என்று அவருக்கும் தெரியும். "வாசன போற வரைக்கும் பேக்கிங்ல நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ரயில் காப்பாற்றிவிட்டது என்று பாத்ரூமில் போய்ச் சிரித்தோம். பேக்கிங் என்றால் பெட்டி தூக்குகிற வேலை என்பது சிரித்து முடித்தபிறகுதான் உறைத்தது.

சரசுவின் பெட்டிகளை நாங்கள் மாற்றி மாற்றித் தூக்கினோம். ஆனாலும் யாராவது பார்க்கும்போது அவளும் தூக்கித்தானே ஆகவேண்டும்? திரும்ப ஒட்டுகிற மேஜைக்கு வந்தபோது அவளுடைய வலது கை தோளுக்குமேல் எழவில்லை. அவள் தட்டை நான் ரேக்கில் வைத்தேன். காலையில் செல்வி அவளுக்குத் தலை பின்னினாள், நாகவேணி அவள் துணியைக் கொடியில் போட்டாள். ரயிலில் அவளை வலுக்கட்டாயமாக நடுப்பெட்டியில் உட்காரவைத்தோம், கடைசிப் பெட்டி எனக்கு வந்தது. ஒருநாள் நான் அழுதுவிட்டேன். அவள்தான் என்னைத் தேற்றினாள்.

"எனுக்கு ஒரு கை போனா என்னாடி? உங்க மூணு பேரு கையும் எனுக்குதான?"

பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். போனில், "கை சரியாவட்டும், வரன்" என்றாள். பின்னால் தட்டு வைக்கிற சத்தம் கேட்டதா, நானாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. அவள் வரவில்லை. கொஞ்சநாளில் அந்த நம்பரும் போய்விட்டது. மூன்று பெட்டி ரயில் சில மாதம் ஓடியது. பிறகு செல்விக்குக் கல்யாணம், நாகவேணிக்குப் பெங்களூரில் வேலை, எனக்கும் கல்யாணமாகி ஓசூரிலேயே வீடு.

அந்த மேஜை எனக்குக் கொடுத்த வலது தோள் வலி இன்னமும் இருக்கிறது. கணவர் பிடித்துவிடுவார், பரோட்டாவுக்கு மாவு பிசைகிற மாதிரி, அதுவும் டிவியில் விளம்பரம் ஓடுகிற நேரம் மட்டும். மகன் ஒரு மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறான். வைத்த இடத்தில் கடமையாக அதிர்கிறது. "இங்கதான?" என்று கேட்காது. எனக்கு அந்தக் கேள்விதான் வேண்டும். அவள் இப்போது எங்கே இருக்கிறாள், யார் அவளுக்குத் தலை பின்னுகிறார்கள் என்று தெரிந்தால்கூடப் போதும்.

பஸ் மத்திகிரிக்கு வந்துவிட்டது. லைன் வீடு இருந்த இடத்தில் மாடி மாடியாக ஒரு கட்டடம், வாசல் நடை என்று ஒன்றே கிடையாது. அந்தப் பெண் தோளைத் தேய்த்துக்கொண்டே இறங்கிப்போனாள். நானும் அங்கேதான் இறங்கியிருக்கவேண்டும், இறங்கவில்லை. முன் சீட்டில் வாசனை மட்டும் இருந்தது. என் முதுகுக்குப் பின்னால் பஸ்ஸின் கண்ணாடி. கடைசிப் பெட்டிக்காரிக்கு எப்போதும் ஒரு நம்பிக்கை உண்டு, இப்போது குரல் வரும், எல்லோரும் திரும்புவார்கள், நம் தோளுக்கும் ஒரு கை வரும் என்று. பஸ் கடைசி நிறுத்தம்வரை போய் நின்றது. இஞ்சின் மாத்தச் சொல்லி யாரும் கத்தவில்லை.