நான் சாட்சிக் கையெழுத்துப் போட்ட குரல்

கீழ் கோத்தகிரி பக்கம் நாங்கள் இருந்த எஸ்டேட்டில் அந்த வருடங்களில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்தது. பறித்த கொழுந்தை வாங்கவே ஃபாக்டரிக்காரர்கள் யோசித்தார்கள். அம்மா கொழுந்து பறிப்பவள். கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்குக் கோத்தகிரி கடைவீதியில், ஒரு பேக்கரியின் மாடியிலிருந்த சின்ன ஆபீசில் வேலை கிடைத்தபோது, எங்கள் லயத்தில் வரிசையாக இருந்த அத்தனை தொழிலாளர் வீட்டுக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தாள்.

அங்கே வேலை இதுதான். ஒருவர் பேசுவதைக் கேட்டு, அவர் தெளிவாக இருக்கிறாரா, களைத்திருக்கிறாரா, குடித்திருக்கிறாரா என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அதற்கு அது முதலில் நிறையக் குரல்களைக் கேட்டுப் பழக வேண்டும். நாங்கள் குரல்களைப் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் இன்ன நிலை என்று குறித்துக் கொடுப்போம். மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவர்களைக் காலையில் போனில் பேசவைத்துச் சோதிப்பதுதான் நோக்கம். நல்ல காரியம் என்றுதான் நம்பினேன். வளைவுகளில் உருண்ட வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

தெளிந்த குரலும் களைத்த குரலும் எளிதாகக் கிடைத்தன. குடித்த குரல்தான் கிடைக்கவில்லை. குடித்திருக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வந்து வாக்கியம் படிக்க எந்த ஆண் சம்மதிப்பான்? எங்கள் மேனேஜர் கோயமுத்தூர்க்காரர். "ஏனுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கோணுமுங்க. உங்க ஊர்ல ஆளா இல்லீங்க?" என்றார்.

இரண்டு வீடு தள்ளி ஒரு மாமா இருந்தார். சிறுவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். ஃபாக்டரிக்குக் கொழுந்து ஏற்றிப்போகும் லாரியின் டிரைவர். குடியைத் தொட்டதே கிடையாது. ஆனால் மாரியம்மன் திருவிழா நாடகத்தில் குடிகாரன் வேஷம் என்றால் அவர்தான். அவரிடம் போய்க் கேட்டேன்.

"என்னா புள்ள, என்னைய குடிகாரனாக்கப் பாக்குறியா?" என்று சிரித்தார்.

"நடிப்புத்தான் மாமா. யாருக்கும் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூட்டிக் கிடந்த பிள்ளைக் காப்பகத்தைத் திறந்து உட்கார்ந்தோம். நாற்பது வாக்கியங்களை நாக்குக் குழற, இழுத்து, விக்கி, அழகாகப் படித்தார். இடையில் எனக்குச் சிரிப்பு வந்து மூன்று முறை திரும்பப் பதிவு செய்தேன். தெளிந்த குரல் போதுமான அளவு இருந்ததால் அவருடைய சாதாரணப் பேச்சை எடுக்கவில்லை. 'இவர் குடித்திருந்ததை நேரில் பார்த்தேன்' என்ற தாளில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் கேட்டுவிட்டு, "இத்தனை சுத்தமா வேற எங்கயும் வரலைங்க" என்று பாராட்டினார்.

ஏழெட்டு மாதம் கழித்து, மாமா வேலை செய்த லாரிக்காரர்களே அந்தச் சோதனையை வாங்கினார்கள். காலையில் சாவி வாங்குமுன் ஒவ்வொரு டிரைவரும் போனில் நான்கு வரி பேச வேண்டும். மற்றவர்களுக்குப் பச்சை வந்தது. மாமாவுக்குச் சிவப்பு. வாயை ஊதச் சொல்லிப் பார்த்தார்கள், வாடை இல்லை. மறுநாளும் சிவப்பு. மூன்றாம் நாள் சாவியைக் கொடுக்கவில்லை. கொழுந்தே குறைந்துபோன காலம். லாரிகளைவிட டிரைவர்கள் அதிகம். ஒரு ஆளைக் குறைக்க அவர்களுக்கும் காரணம் தேவைப்பட்டது.

அன்று சாயங்காலம் மாமா எங்கள் வாசலுக்கு வந்தார்.

"நீ கம்ப்யூட்டர்ல வேல செய்றவதானே? அது ஏன் புள்ள என்னைய மட்டும் அப்பிடிச் சொல்லுது?"

கேள்வி முடியும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அவருடைய குரலை அந்தக் கம்ப்யூட்டர் நாற்பது முறை கேட்டிருக்கிறது. நாற்பது முறையும் அது குடித்த குரல் என்று நான் சொல்லியிருக்கிறேன். அது குடியைக் கற்கவில்லை, அவரைக் கற்றிருந்தது.

"நெட்வொர்க் கோளாறா இருக்கும் மாமா," என்றேன்.

மறுநாள் ஆபீசில், எப்போதோ அவர் எனக்கு அனுப்பியிருந்த ஒரு வாய்ஸ் மெசேஜைச் சோதனையில் போட்டேன். 'அம்மாகிட்ட சொல்லு, கேஸ் சிலிண்டர் வந்திருக்கு' என்று சொல்லும் குரல். சிவப்பு. மூன்று வாரம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதற்குள், மாமா ஒளிந்து குடிக்கிறார் என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அத்தையை வீட்டில் விட்டுவிட்டு அவர் ஊட்டிப் பக்கம் கேத்திக்குப் போய், கேரட் கழுவும் இடத்தில் மூட்டை தூக்கி, அங்கேயே தங்கிக்கொண்டார்.

கடைசியில் மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "அந்த ஃபைலையெல்லாம் எடுத்துப்போடலாமுங்க. வெளிய மட்டும் சொல்லிப்போடாதீங்க," என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். ஆனால் அடுத்த ஞாயிறு குன்னூரில் பஸ் மாறிக் கேத்திக்குப் போனேன்.

மாமா முழங்கால் வரை நனைந்து, கேரட் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நெட்வொர்க் என்று சொன்ன பொய்யையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தூக்கிய மூட்டையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க அத்தைகிட்ட சொன்னியா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

"எங்கிட்ட சொல்லி என்னா புள்ள. நான் குடிக்கலேன்னு எனக்குத் தெரியும்தானே. அவகிட்டப் போய்ச் சொல்லு."

அன்றே திரும்பி வந்து, அத்தை வீட்டுக்குள் போய்ச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசி வரை கேட்டாள். பிறகு கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தெனம் அவரு தூங்குறப்ப வாயை மோந்து பாத்தேன் புள்ள. சட்டையை மோந்து பாத்தேன். அவருக்கும் அது தெரியும்."

போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. அவள் மறுபடி கீரையை எடுத்ததும் நானாகவே வெளியே வந்தேன்.

நடந்ததை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு லாரிக்காரர்களிடம் கொடுத்தேன். அதற்குள் அவருடைய வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆள் வராத நாளுக்கு மாற்று டிரைவராக வரச் சொல்லி அனுப்பினார்கள். மாமா போகவில்லை. சில மாதங்களில் அத்தையும் கேத்திக்குப் போய்விட்டாள். இப்போது அவர் அங்கே காய்கறி ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறார் என்று அம்மா சொன்னாள். முதலாளி எதையும் பேசச் சொல்வதில்லையாம்.

அந்த வேலையை அன்றே தூக்கியெறிந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எறியவில்லை. மேனேஜர் கோபித்துக்கொண்டார், ஆனால் வேறு ஆள் கிடைக்காததால் என்னை வைத்துக்கொண்டார். இன்னும் ஒன்றரை வருடம் அந்த மாடிப்படி ஏறினேன். யார் யாருடைய குரலையோ காதில் மாட்டிக்கொண்டு, இவர் இப்படி, அவர் அப்படி என்று குறித்துக்கொண்டே இருந்தேன்.