குடிலில் முளைத்த கோரை

மற்ற வீட்டு அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் கறி வாங்கப் போவார்கள். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த எங்கள் அப்பா புல் பறிக்கப் போவார். மயிலாப்பூரிலிருந்து கோட்டூர் வரை நடந்து அடையாற்றங்கரையில் குந்தினால் மனிதர் லேசில் எழுந்திருக்க மாட்டார். கூடப் போகும் எனக்குக் கூலி ஒரு பொட்டலம் பட்டாணி.

யுத்தம் முடிந்தபின் வந்த ஒரு டிசம்பர் அது. முந்தைய வருஷமும் மழை ஏமாற்றியிருந்ததால், ஆற்றின் கரையில் வண்டல் வெடித்து அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து கிடந்தது. கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை கட்ட இதைவிடத் தோதான மண் கிடையாது என்று அப்பா இரண்டு கோணிப்பை நிறைய அள்ளி, முணுமுணுத்த ஜட்கா வண்டிக்காரரைச் சமாதானப்படுத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மலை கட்டி அதில் கேழ்வரகு தூவித் தண்ணீர் தெளித்துவந்தால், பாலன் பிறப்பதற்குள் பச்சைப் பசேலென்று ஆகிவிடும். எங்கள் கோயில் தெருவில் எல்லா வீட்டிலும் வழக்கம் அதுதான். அந்த வருஷம் எங்கள் வீட்டில் சித்தி யாரையும் கிட்ட விடாமல் தானே தூவினாள்.

காரணம் இருந்தது. அவள் கணவர், அதாவது அப்பாவின் தம்பி, சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் புகுந்தபின் அவரைப் பற்றித் தகவலே இல்லை. கூடப் போனவர்கள் கப்பலேறித் திரும்பிவிட்டார்கள், இவர் வரவில்லை. கோயில் காரியங்களைக் கவனித்துவந்த உபதேசியார், ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் மரித்தோர் பூசை வைத்துவிடலாம் என்றார். அப்பா தலையாட்டிவிட்டார். பூசை நடந்துவிட்டால் சித்தி தாலியைக் கழற்ற வேண்டும். அவளோ மாதாவிடம் ஒரு பேச்சுப் பேசி வைத்திருந்தாள்: கேழ்வரகு முளைத்தால் ஆள் உயிரோடு இருக்கிறார், பூசை கூடாது.

தூவிய மறுநாளே புயல். இத்தனை நாள் வராத மழை மொத்தமாக வந்தது. தெருத்தண்ணீர் முன்கூடத்துக்குள் ஏறி, மலை பாதி கரைந்து, குடிலில் நின்ற சூசையப்பர் மிதந்தார். வடிந்தபின் பார்த்தால் கேழ்வரகு ஊசிப்போய் நாறியது. சித்தி இறக்கை வைத்த சம்மனசு பொம்மைகளைத் துடைத்து மாடத்தில் வைத்தாள். கிட்டே போகவே எனக்குப் பயமாக இருந்தது.

சேற்றை வாரிக் கொட்ட ஆள் கிடைக்காமல் குடில் அப்படியே கிடந்தது. வாசலுக்கு வந்த மீன்காரம்மாதான் முதலில் பார்த்துக் கூவினாள்.

"இன்னாம்மா இது, மாட்டுக் கொட்டாயில புல்லு மொளச்சிக்கினு கீது!"

ஓடிப் பார்த்தோம். கோரை ஊசி ஊசியாகக் கிளம்பியிருந்தது. நடுவில் நீர்முள்ளிக் கன்றுகள். தீவனத்தொட்டி வைக்கும் இடத்தில் பேர் தெரியாத இரண்டு இலைகள். கேழ்வரகு மட்டும் ஒன்றுகூட இல்லை.

செய்தி தெருவைச் சுற்றிவிட்டது. விதைக்காமல் முளைத்தால் அது புதுமை அல்லவா? எங்கள் ஆட்களுக்குப் புதுமை என்றால் புதிய சாமான் இல்லை. மாதா செய்கிற அற்புதம். அடுத்த ஞாயிறு பூசை விட்டதும் கூடத்தில் நிற்க இடமில்லை. உபதேசியார் தொண்டையைக் கனைத்தார்.

"வாத்தியாரே, நீங்க படிச்சவரு. சொல்லுங்க, இது புதுமையா?"

புதுமை என்ற சொல்லைக் கேட்டாலே அப்பாவுக்கு மூக்கு சிவக்கும்.

"புதுமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆத்து மண்ணுங்க இது. வெள்ளம் வந்து போற கரையில இருக்கற செடிக்கு இதான் குணம். தண்ணி வத்திச்சின்னா மேல கருகிடும். கிழங்கும் வெதையும் மண்ணுக்குள்ள செத்த மாதிரி கெடக்கும். வருஷக்கணக்காக்கூடக் கெடக்கும். மறுபடி வெள்ளம் வந்தா எழுந்துக்கும்."

பத்தாம் வகுப்புப் பையனுக்குக்கூட விளங்கும்படிதான் சொன்னார். கூட்டத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

சித்தி அப்பாவுக்கு எதிரில் நின்று பேசியதே கிடையாது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னைத் தூது விடுவாள். அன்றைக்கு அடுக்களைக் கதவைத் தாண்டி வந்து நின்றாள்.

"செத்த மாதிரிதானே மாமா? சாகலையே?"

உபதேசியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாகல," என்றார் அப்பா.

"வருஷக்கணக்கா ஆனாலும்?"

"ஆனாலும்."

"அப்ப பூசை வேணாம்னு பங்குச் சாமியார்கிட்ட சொல்லிடுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பை ஊதினாள். உபதேசியார் குடையை எடுத்துக்கொண்டார். பூசை அந்த வருஷமும் நடக்கவில்லை, அதற்கப்புறமும் நடக்கவில்லை. சித்தி சாகும்வரை தாலியோடுதான் இருந்தாள்.

கூட்டம் கலைந்தபின் அப்பா குடில் பக்கத்தில் குந்திக் கோரையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன்.

"அப்பா, மண்ணுல கெடக்கறது எல்லாமே எழுந்துக்குமா?"

அப்பா திரும்பி அடுக்களைக் கதவைப் பார்த்தார். பிறகு, "சோறு ஆறிப்போவுது, போய்ச் சாப்பிடு போ," என்றார்.

அப்பாவுக்கே விடை தெரியாத கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நேரே அடுக்களைக்கு ஓடி, அதே கேள்வியைச் சித்தியிடம் கேட்டேன்.