வரிசையைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு

ஒரு படம் தேறுமா தேறாதா என்று அந்தத் தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் நேரே டிக்கெட் அக்காவிடம்தான் வருவார்கள். இரண்டு திரைகள் உள்ள தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்தே தலை நரைத்தவள் அவள். "அக்கா, புதுப் படம் எப்படி?" என்று கேட்டால் போதும், பட்டென்று பதில் வரும். "தாராளமா போ" என்பாள். இல்லாவிட்டால், "காசைக் கரியாக்காதே" என்பாள். நடுவில் ஒன்று கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. உள்ளே ஒரு காட்சி ஓடும்போது அடுத்த காட்சிக்கு வெளியே ஆள் நிற்கும். வீட்டுக்குப் போனால் அப்பாடா என்று படுக்கத்தான் தோன்றும். பின்னே எதை வைத்துத் தீர்ப்பு? எல்லாம் வரிசையை வைத்துத்தான். வரிசை தெருமுனை வரை போனால் நல்ல படம், கூண்டின் முன்னால் ஈ ஆடினால் டப்பா படம். அத்தனை பேருக்குமா அறிவில்லை என்பது அவள் கட்சி.

முதுகில் போர்வையைக் கட்டிக்கொண்டு வானத்தில் பறக்கிற அந்தச் சூப்பர்ஹீரோ இருக்கிறானே, அவன் படங்கள் என்றால் அவளுக்குத் தனிப் பிரியம். முந்தைய பாகங்களுக்கு அப்படி ஒரு கூட்டம்! மூச்சுவிட நேரமில்லாமல் டிக்கெட் கிழித்திருக்கிறாள். ஆனால் இப்போது வந்திருக்கும் புதுப் பாகத்துக்கு முதல் நாளே பாதி நாற்காலி காலி. மறுவாரம் சுத்தமாகப் படுத்துவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா கூசாமல் சொன்னாள்: "இந்தத் தடவை சரக்கு இல்ல."

அந்த வாரம்தான் மகன் போன் செய்தான். வெளியூரில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை. என்ன வேலைடா என்று கேட்டால், "சொல்லக் கூடாதும்மா, கையெழுத்து வாங்கிட்டாங்க" என்று வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வான்.

"உங்க தியேட்டர்ல அந்தப் பறக்கிற ஆள் படம் ஓடுதாம்மா? எப்படி இருக்கு?"

"அட போடா! அது டப்பா. நான் இங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

லைன் போய்விட்டதோ என்று அவள் "ஹலோ, ஹலோ" என்றாள்.

"ரெண்டு வருஷமா நான் வேலை பார்த்தது அந்தப் படத்துலதாம்மா. நீ பார்த்ததும் சொல்லணும்னு இருந்தேன்" என்றான். "இங்கயும் அதையேதான் சொல்றாங்க. வசூல் இல்ல, அதனால படம் மட்டம், நாங்க செஞ்ச வேலையும் மட்டம். பேசாம வேற வேலை தேடிக்கலாமான்னு இருக்கு."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன சொல்லி என்ன, வாயிலிருந்து வந்தது வந்ததுதானே. பெற்ற பிள்ளையின் ரெண்டு வருஷ உழைப்பை ஒரே வார்த்தையில் குப்பையில் போட்டாயிற்று. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

"நீ என்ன படத்தைப் பார்த்தா சொன்னே?" என்றார் கணவர், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "போன பாகத்துக்குக் கூட்டம் அம்முச்சே, அதுல நானும் ஒருத்தன். பாதியிலேயே தூங்கிட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீதான் ஆஹா ஓஹோன்னு ஊர் பூரா சொல்லிட்டியே. நான் வாயைத் திறந்தா எனக்கு சோறு கிடைக்குமா? அன்னிக்கு ஏமாந்த பயலுக யாரும் இப்ப இந்தப் பக்கம் தலைகாட்டல. அவ்வளவுதான் விஷயம்."

மறுநாள் கூண்டில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அது உறைத்தது. படம் பார்த்து முடித்தவர்கள் பின்கதவு வழியாகப் பின்தெருவுக்குப் போய்விடுவார்கள். அவளிடம் வந்து நிற்பவன் எவனும் படத்தைப் பார்த்தவன் இல்லை! பார்க்காதவர்கள் வரிசையில் நிற்க, பார்க்காதவள் ஒருத்தி அதை எண்ணித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். நல்ல கூத்துதான். தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

படத்தைத் தூக்கப் போகிற கடைசி நாள் அவள் மேனேஜரிடம் போய் நின்றாள். "சார், மதியக் காட்சியை நான் பார்க்கணும்."

"கவுண்டரை யார் பார்க்கிறது?"

"யார் வரப்போறாங்க சார்?"

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே தானே கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார்.

படம் முடிந்ததும் அவளும் பின்கதவு வழியாகவே வெளியே வந்தாள். கூட வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருவர், வில்லன் பேசியே கொன்றுவிட்டான் என்று அலுத்துக்கொண்டார். இரண்டு பேர் வண்டியைக் கிளப்பாமல் சண்டைக் காட்சியைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷமாக இந்த முகங்களைப் பார்க்காமல் போனோமே என்று இருந்தது அவளுக்கு. அங்கேயே நின்று மகனைக் கூப்பிட்டாள்.

"பார்த்துட்டேன்டா, முழுசா!"

"எப்படிம்மா?" குரலில் உயிரே இல்லை.

சும்மா புகழ்ந்தால் கண்டுபிடித்துவிடுவான், கெட்டிக்காரன். "கதை நடுவுல கொஞ்சம் இழுவைதான். ஆனா அந்த நெருப்பு மழை பெய்யுதே, அடேயப்பா! காலைத் தூக்கி நாற்காலி மேல வச்சுக்கிட்டேன். அதுதானே நீ செஞ்சது?"

"இல்லம்மா. அது வேற டீம்."

"அப்ப அந்தப் பறக்கிறது?"

"அதுவும் நான் இல்ல."

அவளுக்கு முகம் தொங்கிவிட்டது. இருக்கிற இரண்டையும் சொல்லியாயிற்று, இரண்டும் இவனுடையது இல்லை. தன் மேலேயே வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் படத்தின் மேலேயே காட்டினாள்.

"என்னவோ போ! ஒண்ணு மட்டும் எனக்குப் பொறுக்கல. ஹீரோவோட அம்மா வீட்டுக்குப் பக்கத்து மாடியில ஒருத்தி துணி காயப் போட்டிருக்கா. தெருவுல அவ்வளவு சண்டை, புகை, புழுதி. வெள்ளை வேட்டி பூரா கரி! ஓடி வந்து எடுக்க வேணாமா? என்ன பொம்பளை அவ? படம் எடுத்தவங்களாவது அந்த வீட்டுக்காரிக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"



"அம்மா, அந்த வீடு நிஜம்னா நினைச்சே?"

"பின்னே? வீடு வீடுதானே?"

"அங்க வீடும் இல்ல, மாடியும் இல்ல, துணியும் இல்லம்மா. அந்தத் தெரு மொத்தமும் நான் கம்ப்யூட்டர்ல செஞ்சது." சொல்லும்போதே அவன் குரல் உடைந்து சிரிப்பாக மாறியது. "இரு இரு, வச்சிடாத. ஸ்பீக்கர்ல போடுறேன், இங்க எல்லாரும் இருக்காங்க. அந்த வீட்டுக்காரியை இன்னொரு தடவை திட்டும்மா!"